பூமி தினத்துக்குத் தைத்த பனியன்கள்

கோவை,
2 மார்ச் 2009

தம்பி திருமூர்த்திக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிக்கிறோம். போன மாதம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா.

நல்ல சேதிதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் 22, பூமி தினத்தன்று, பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பெரிய நடைப்பயணம் நடத்துகிறோம். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லோரும் வளாகத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை நடக்கப்போகிறோம். அமைப்பாளர் உன் அக்காதான். இத்தனை வருடம் சுற்றுச்சூழல் துறை வகுப்பறைக்குள் நான் கத்திக்கொண்டிருந்ததற்கு இப்போதுதான் துணைவேந்தர் காது கொடுத்திருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி பச்சை பனியன் போட்டு நடக்க வேண்டும் என்பது அவர் யோசனை. மூவாயிரம் பனியன். முன்பக்கம் "பூமிக்குக் காய்ச்சல்" என்ற எழுத்து, பின்பக்கம் பல்கலைக்கழக முத்திரை.

எங்கே கொடுக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். உன் கம்பெனியைச் சொன்னேன். தம்பி என்பதையும் ஒளிக்காமல் சேர்த்துத்தான் சொன்னேன். அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோய் உன்னுடைய பாதி மிஷின்கள் சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் நீ சொல்ல மாட்டாய். துறை டிரைவரிடம் துணி சாம்பிளும் எழுத்து மாதிரியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சித்ராதேவி


மங்கலம்,
6 மார்ச் 2009

அக்காவுக்கு,

சாம்பிள் வந்தது. சந்தோஷம். "மழை வராததுக்கு மீட்டிங் போடுறாங்க எங்க அக்கா" என்று நான் ஊரெல்லாம் கிண்டல் செய்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதையும் மீறி ஆர்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். தீபாவளிக்குப் பிறகு வந்த முதல் பெரிய வேலை இது. டெய்லர்களிடம் சொன்னதும் எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. பாதிப் பேரை நிறுத்திவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தார்கள்.

தேதி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இங்கே திருப்பூர்ப் பக்கம் பகலில் கரண்ட் போகிறது. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் வேறு இந்த வருஷம் மாசியிலேயே சித்திரை மாதிரி அடிக்கிறது. நம் கூரை சிமெண்ட் ஷீட். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மிஷினில் கை வைக்க முடியவில்லை என்கிறார்கள். "பூமிக்குக் காய்ச்சல் வர்றது இருக்கட்டும் சார், நம்ம ஷெட்டுக்கு எப்பவோ வந்துருச்சு" என்று ஓவர்லாக் மிஷினில் தைக்கும் மூக்கம்மாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அதனால் காலையிலும் சாயந்தரத்திலும் மட்டும் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி சரக்கு உங்கள் வளாகத்தில் இறங்கிவிடும். சரிதானே?

திருமூர்த்தி


கோவை,
10 மார்ச் 2009

திருமூர்த்தி,

இருபது சரிப்படாது. பத்தாம் தேதியே வேண்டும். எல்லோரும் பனியன் போட்டு நிற்கும் படத்தை முன்கூட்டியே பத்திரிகைகளுக்கும் தில்லி அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று துணைவேந்தர் பிடிவாதமாக இருக்கிறார். உன்னைச் சிபாரிசு செய்தது நான். தாமதமானால் தம்பிக்குச் சலுகை காட்டினேன் என்று நாலு பேர் பேசுவார்கள்.

வெயில், கரண்ட் என்றெல்லாம் காரணம் சொல்லாதே. வெயில் எல்லோருக்கும்தான். எப்படியாவது முடித்துக் கொடு கண்ணு.

சித்ராதேவி


மங்கலம்,
9 ஏப்ரல் 2009

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்று நம் கம்பெனியில் ஒரு டெய்லர் இறந்துவிட்டார்.

ராமுத்தாய் என்று பெயர். சாத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். ஓவர்லாக் மிஷினில் மூக்கம்மாளுக்குப் பக்கத்து இடம். புருஷன் முனீஸும் நம்மிடம்தான், துணி தேய்க்கும் அயனிங் டேபிளில். மதியம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் போட்டோம், வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்தம்மா மூக்கம்மாளைப் பார்த்து, "ஏ சந்தனம், வாசல்ல தண்ணி தெளிச்சியாடி?" என்று கேட்டிருக்கிறார். சந்தனம் ஊரில் இருக்கும் அவருடைய தங்கச்சி. விளையாடுகிறாள் என்று நினைத்து மூக்கம்மாள் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தம்மாவின் தலை மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டது.

என் காரில்தான் தூக்கிக்கொண்டு போனோம். நான் ஓட்டினேன். முனீஸ் பின்சீட்டில் மடியில் போட்டுக்கொண்டு "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதுதானே. வேன் வைத்து ஊருக்கு அனுப்பியாயிற்று. எல்லாம் ஒரு பகலுக்குள் நடந்து முடிந்தது. இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை. காலையில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனவர்.

உங்கள் சரக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. மீதியை வெளியே கொடுத்துத் தைத்து நாலைந்து நாளில் அனுப்புகிறேன். அங்கே யாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். போன் செய்ய வேண்டாம், எடுக்கிற நிலையில் நான் இல்லை.

திருமூர்த்தி


கோவை,
13 ஏப்ரல் 2009

திருமூர்த்தி,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில், வராந்தாவில் நின்றபடி படித்தேன். பிறகு வகுப்புக்குப் போகவில்லை. எங்கே போனேன் என்றும் நினைவில்லை.

சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். பனியன் ஏன் வரவில்லை என்று கமிட்டியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். மதியம் கரண்ட் போயிருந்த நேரத்தில், தைத்துக்கொண்டிருந்த பெண் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அறையே உறைந்துவிட்டது. பிறகு துணைவேந்தர் மெதுவாக, "என்ன காரணமாம்?" என்றார். மாரடைப்பு என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அறை முழுக்க மூச்சு விட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். "ஐயோ பாவம்" என்றார்கள். நடைப்பயணத்தைத் தொடங்கும் முன் ஒரு நிமிட மௌனம் வைக்கலாம் என்றார்கள். மீதிப் பனியன் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, திருமூர்த்தி. பாரம் இறங்கியதை நானே கவனித்தேன். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

மாணவர் பிரதிநிதியாக அபிராமி என்ற பெண் கூட்டத்தில் இருந்தாள். முதுகலை இரண்டாம் வருடம், என் மாணவிதான். அவள் மட்டும் கை தூக்கி, "அவங்களுக்கு என்ன வயசுங்க மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "கரண்ட் போனப்ப ஃபேன் ஓடிட்டிருந்துதுங்களா?" என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று துணைவேந்தர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது உன்னை நான் கேட்கிறேன். ஜெனரேட்டர் போட்டோம், வேலை நடந்தது என்று எழுதியிருக்கிறாய். ஃபேன் ஓடியதா? ஒரே வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.

சித்ராதேவி


மங்கலம்,
17 ஏப்ரல் 2009

அக்காவுக்கு,

உங்கள் பிள்ளைகளை எனக்கு எதிராக அனுப்பிவிட்டு அப்புறம்தான் கேள்வி கேட்பீர்களா?

நேற்று பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள், அந்த அபிராமியும் இன்னும் கொஞ்சம் பேரும். வாட்ச்மேன் நல்லானிடம் கேட்டைத் திறக்காதே என்றேன். "சின்னப் புள்ளைங்கதானுங்களே, வெயில்ல நிக்குதுங்க. உள்ள உடலாங்களா?" என்று என்னையே கேட்கிறார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது திறந்துவிட்டார். நேராக ஷெட்டுக்குள் போய் ராமுத்தாயின் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் போடவில்லை. மதியம் முழுவதும் இங்கே இருக்கப்போகிறோம், அவ்வளவுதான் என்றார்கள். இருங்கள், பார்க்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வழக்கம்போல கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்த அபிராமி எழுந்து நின்று, சுவரைப் பிடிக்கப் போய், பிடிக்க முடியாமல் விழுந்தாள்.

அக்கா, அதே கார். அதே பின்சீட்டு. இந்தத் தடவை மூக்கம்மாள் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரோட்டோரமாக நிறுத்திவிட்டு அழுதேன். "வண்டிய எடுங்க சார், இதாச்சும் பொழைக்கட்டும்" என்று மூக்கம்மாள் பின்னாலிருந்து கத்தினார். பிழைத்துக்கொண்டாள். குளுக்கோஸ் ஏற்றி சாயந்தரமே அனுப்பிவிட்டோம். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

ஃபேன் ஓடவில்லை. எங்கள் ஜெனரேட்டர் மிஷின் லோடு மட்டும்தான் இழுக்கும். இந்த ஏரியாவில் பாதிக் கம்பெனி அப்படித்தான். காலையும் சாயந்தரமும் மட்டும் ஓட்டுகிறேன் என்று நான் உங்களுக்கு எழுதவில்லையா? வெயில் எல்லோருக்கும்தான் என்று பதில் எழுதியது யார்? உங்கள் அறையில் ஏசி இருக்கிறது அக்கா. நான் வந்து பார்த்திருக்கிறேன்.

சரக்கு முழுவதும் லாரியில் ஏற்றியாயிற்று. இத்தோடு விடுங்கள்.

திருமூர்த்தி


கோவை,
23 ஏப்ரல் 2009

திருமூர்த்தி,

நீ எழுதியது எல்லாம் உண்மை. அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான்.

நேற்று நடந்ததைப் பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பனியன் பெட்டிகள் காலையிலேயே கலையரங்க வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. முதலில் எடுக்க மறுத்தது மாணவர்கள் அல்ல. அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்கள். "எங்க ஊட்டுப் புள்ளைகளும் பனியன் கம்பெனிக்குத்தானுங்க போகுது. இதைப் போட்டுட்டு எப்படிங்க நடக்கிறது?" என்று ஒரு அம்மா பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு மாணவரும் தொடவில்லை. நடக்கவும் இல்லை. அவரவர் உடுத்தி வந்த துணியோடு நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

துணைவேந்தர் என்னைத் தனியே அழைத்தார். "பருவநிலை மாற்றம் என்பது பனிமலை உருகுவது, கடல் ஏறுவது. ஒரு பனியன் கம்பெனியில் நடந்த மாரடைப்பை இதில் ஏன் கலக்கிறீர்கள்? பிள்ளைகளிடம் சொல்லி எழுப்புங்கள்" என்றார். பேராசிரியர்கள் சிலர் அவர் பக்கத்தில் நின்றார்கள். என்னோடு தினமும் சாப்பிடுகிறவர்கள். விஞ்ஞானத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

எழுப்புவதற்காகத்தான் மைக்கின் முன்னால் போனேன். அபிராமி முன்வரிசையில் இருந்தாள், கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பிளாஸ்திரி. என் வாயிலிருந்து வேறு வார்த்தைகள் வந்துவிட்டன. அந்தக் கம்பெனி என் தம்பி திருமூர்த்தியுடையது என்றேன். மெதுவாகத் தைக்கிறேன் என்று அவன் சொன்னான், அவசரப்படுத்தியது நான் என்றேன். அன்று மதியம் ஜெனரேட்டரில் மிஷின் ஓடியது, ஃபேன் ஓடவில்லை என்றேன். ராமுத்தாய் எதனால் இறந்தார் என்று எனக்குத் தெரியாது, மாரடைப்பு என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன்.

உன் பெயரைச் சொல்லிவிட்டேன் தம்பி. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டு. ஆனால் எழுது.

சித்ராதேவி


கோவை,
14 ஜூன் 2009

திருமூர்த்தி,

நீ எழுதவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன், நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என்னை அமைப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கி விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு மாதம் துறையில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. அதற்குள் மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் மங்கலத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். மதிய வேளையில் ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று ஒரு கூட்டம் அளக்கிறது. இன்னொரு கூட்டம் கூரை மேல் சுண்ணாம்பு அடிக்கிறது. வெள்ளை அடித்த கூரைக்குக் கீழே தெரிகிற வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, முதலில் விரட்டிய ஒரு முதலாளியே இப்போது சுண்ணாம்பு வாங்கிக் கொடுக்கிறார். பௌதிகத் துறைப் பேராசிரியர் ஒருவர், அன்று துணைவேந்தர் பக்கத்தில் நின்றவர்தான், அவரே ஏணி பிடிக்க வருகிறார். ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை.

எந்தப் பொருள் வாங்கினாலும் அது செய்யப்படுகிற இடத்தை யாராவது நேரில் போய்ப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்று போன வாரம் ஆட்சிக்குழுவில் தீர்மானம் போட்டார்கள். பத்திரிகைகள் பாராட்டி எழுதியதும் துணைவேந்தர் எல்லாம் தன் திட்டம் என்று வாசலில் பேனர் கட்டிவிட்டார். அபிராமிக்கு ஒரே கோபம். "கட்டட்டும் விடு, கூரை வெள்ளையானால் போதும்" என்றேன். "உங்களுக்குப் போதுமாயிருக்கலாம் மேடம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

பனியன்கள் அப்படியே ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. அணியவும் ஆளில்லை, தூக்கிப் போடவும் யாருக்கும் கை வரவில்லை.

மங்கலம் ரோட்டில் உன் கேட் மட்டும் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை என்கிறார்கள். அது உன் இஷ்டம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான் என்றுதான் இருந்தோம். ஒரு வரியாவது எழுது.

அக்கா


மங்கலம்,
21 ஜூன் 2009

அக்காவுக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. முதலில் கோபம்தான். உங்கள் பேச்சு பேப்பரில் வந்த அன்று, நீங்கள் எனக்கு அக்காவே இல்லை என்று வீட்டில் கத்தினேன். தொழிலில் இருக்கும் நண்பர்கள் வந்து, "டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்குதுங்கல்ல, வாயத் தொறக்காம இருங்க. ரெண்டு மாசத்துல அத்தனை பேரும் மறந்துடுவாங்க" என்றார்கள். இருந்தேன். அவர்கள் சொன்னது சரி, எல்லோரும் மறந்துகொண்டுதான் வந்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவை காரில் ஏறும்போதும் பின்னால் யாரோ "தாயி" என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

உங்களிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த டாக்டர் தானாக மாரடைப்பு என்று எழுதவில்லை. "உடம்பு இப்படிக் கொதிக்குதே, எங்க வேலை செஞ்சாங்க?" என்றுதான் கேட்டார். நான் உள்ளே போய், "ஹார்ட்டுன்னு எழுதிடுங்க டாக்டர். குடும்பத்துக்கும் அலைச்சல் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிவிட்டார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சுலபமாக இருந்ததுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியவில்லை.

போன திங்கள்கிழமை சாத்தூர் போனேன். முனீஸ் அங்கேயேதான் இருக்கிறார், திரும்பி வரவில்லை. ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறார். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சந்தனம் என்ற அந்தத் தங்கச்சிதான் தண்ணீர் கொண்டுவந்தார். முகம் அப்படியே ராமுத்தாய். சொம்பை வாங்க என் கை நீளவில்லை.

ஃபேன் ஓடாததைச் சொன்னேன். டாக்டரிடம் நான் பேசியதைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் மொதலாளி" என்றார். "மடியில கெடக்கையில ஒடம்பு அடுப்புக் கணக்கா கொதிச்சுச்சு. ஒரு பொட்டு வேர்வை இல்ல. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. நீங்க டாக்டர் ரூமுக்குள்ள போயிட்டு வெளிய வந்து என் மூஞ்சியப் பாக்காம நின்னீகளே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் முனீஸ் நீங்க ஒண்ணும் கேட்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தேன். அவர் எழவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. மறுநாள் அவர் திருப்பூர் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் எனக்குத் தெரிந்தவர். நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். கான்ஸ்டபிளை டீ வாங்க வெளியே அனுப்பினார். "என்னங்க திருமூர்த்தி, முடிஞ்சுபோன விஷயம். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. வேலியில போற ஓணான எதுக்குங்க எடுத்து மடியில உட்டுக்கிறீங்க? ஊட்டுக்குப் போங்க, தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

ஒரு நிமிஷம், எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்தில் முனீஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் மூடி வைத்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றேன். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.

தம்பி
திருமூர்த்தி